இடது முன் சக்கரம்

"இன்னும் கொஞ்சம் எறக்கு மாப்ளே" என்றார் மச்சான்.

அவன் காரின் இடது முன் சக்கரத்தருகே மண்டியிட்டு, வால்வில் காற்றுமானியை வைத்து அழுத்தினான். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. காலை வெயிலுக்கே தார்த்தரை சூடேறிவிட்டது. முழங்காலுக்கு அடியில் போட்ட பழைய துண்டு பேருக்குத்தான் இருந்தது. எழுந்துவிட்டால் மறுபடி குனிய இடுப்பு சம்மதிக்காது என்பதால் அப்படியே இருந்தபடி, தரையில் விழுந்த மச்சானின் நிழலைப் பார்த்து "போதுமா?" என்றான். "போதும். ஓட்டிப் பாத்துட்டு சொல்றேன்" என்றது நிழல். சில மாதங்களாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே கேள்வி, இதே பதில். கடவுளிடம்கூட அவன் இத்தனை தடவை மண்டியிட்டதில்லை.

மைதானம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மூடிப்போன ஒரு கிடங்கின் வாகன நிறுத்துமிடம் அது. வாரம் முழுக்கச் சும்மா கிடக்கும். ஞாயிறானால் கிளப்காரர்கள் வந்து ஆரஞ்சு நிறக் கோன்களை வரிசையாக வைத்து, வளைவும் நெளிவுமாக ஒரு பாதை போட்டுவிடுவார்கள். ஆட்டோகிராஸ் என்று பெயர். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும், போட்டி கடிகாரத்தோடு. ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். கோனைத் தட்டினால் இரண்டு விநாடி கூடுதலாகச் சேர்த்துவிடுவார்கள். இந்த ஒரு நிமிஷத்துக்காக நல்ல குடும்பத்து மனிதர்கள் விடிவதற்குள் எழுந்து, காரிலிருந்து ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் குடையையும் பிள்ளைகளின் பொம்மைகளையும் எடுத்து வெளியே போட்டு எடையைக் குறைத்து, கதவில் நம்பர் ஒட்டி, வாங்கிய திட்டையெல்லாம் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள். பரிசென்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. ஆனாலும் வராமல் இருக்க முடியாது.

அவனை இங்கே எல்லாருமே மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள். மச்சான் கூப்பிட்டதைக் கேட்டு மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கிளப் செயலாளரான பல் டாக்டர், ஒலிபெருக்கியில் "அடுத்து மாப்பிள்ளை வர்றார், வழி விடுங்க" என்று அறிவிக்கும்போது, ஏதோ கல்யாண ஊர்வலம் வருகிற மாதிரி கூட்டம் திரும்பிப் பார்க்கும். மச்சான் அவன் மனைவிக்கு அண்ணன். கல்யாணமான புதிதில் "வாங்க மாப்ளே, உக்காருங்க மாப்ளே" என்று தள்ளி நின்று மரியாதை காட்டியவர்தான். இரண்டு பேரும் சேர்ந்து இந்தப் பழைய காரை வாங்கி, அதன் அடியில் ஒன்றாகப் படுத்து எழுந்த பிறகு, "வாங்க" எல்லாம் கழன்று விழுந்து "டேய்" ஒன்றுதான் பாக்கி என்ற நிலைக்கு வந்துவிட்டது. அவன் மட்டும் "நீங்க"வை விடவில்லை. வயதில் மூத்தவர். அதைவிட, ஓட்டுவதில் மூத்தவர்.

மச்சானுக்கு இங்கே நூல் என்று பட்டப்பெயர். கோனுக்கும் காருக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி விட்டு ஓட்டுவார் என்பதால் வந்த பெயர். பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் ஊழியர் பஸ் ஓட்டுகிறார். பெரிய வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சின்ன வண்டி கைக்கு அடங்காது என்று ஆரம்பத்தில் சிலர் பேசினார்கள். அவர் ஓட்டியதைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு நின்றது. மற்றவர்கள் வளைவில் போய் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போது, இவர் நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் கொன்றுவிட்டு, வளைவுக்குள் காரைச் சும்மா உருளவிட்டு, வளைவு முடிந்து பாதை நேரானதும் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். எதிரே இருக்கிற கோனை அவர் பார்ப்பதே இல்லை, அதற்கு அடுத்த கோனைத்தான் பார்ப்பார் என்று எல்லாரும் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் கொஞ்ச காலமாகக் கோன்களைத் தட்டத் தொடங்கியிருந்தார். ஒவ்வொரு தடவையும் இடது வளைவில்தான்.

"கார் சொன்ன பேச்சைக் கேக்கல மாப்ளே. நான் திருப்புறது ஒரு பக்கம், அது போறது ஒரு பக்கம்" என்பது அவருடைய புகார். வலது வளைவில் அதே கார் பசு மாதிரி நடந்துகொண்டது. அவன் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மாற்றியபின் பொறுமையாக இருந்து பார்க்க வேண்டும் என்பது அவன் ரத்தத்தில் ஊறியது. அந்த முறைப்படியே காரைப் பிரித்து மேய்ந்தான். இடது பக்கம் திரும்பும்போது பாரமெல்லாம் வலது முன் சக்கரத்தின் மேல்தான் போய் உட்காரும் என்பதால், முதலில் அதன் காற்றை ஏற்றிப் பார்த்தான், இறக்கிப் பார்த்தான். வளைவில் கார் சாய்வதைத் தடுக்கிற பின்பக்கத்து ஆன்டி ரோல் பாரை ஒரு துளை இறுக்கினான். அதற்கடுத்த வாரம் இன்னொரு துளை. முன் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்தான். டயர்களை இடம் மாற்றினான். ஷாக் அப்சார்பர்களைக் கழற்றி மாட்டிவிட்டு, நகக்கண்ணில் கிரீஸோடு லேபுக்குப் போய் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். கடைசியில் மிச்சமிருந்தது இந்த இடது முன் சக்கரம்தான். இடது வளைவில் பாரமே இல்லாமல் சும்மா கூடவே உருண்டு வருகிற சக்கரம். அதன் காற்றைக் குறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும். ஆனாலும் குறைத்தார்கள்.

இதில் பெரிய கொடுமை, அவன் ஓட்டும்போது கார் ஒழுங்காகத் திரும்பியது. அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தான். "நீ போற வேகத்துக்கு மாட்டு வண்டிகூடத் திரும்பும் மாப்ளே" என்று மச்சான் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். மெதுவாக ஓட்டுகிறவன் காரைப் பற்றிச் சொல்வதை அங்கே யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். நியாயமும்தான். காரின் குறை அதன் எல்லையில்தான் தெரியும், எல்லைவரை போகாதவனுக்கு என்ன தெரியும்? அப்படி நினைத்து அவன் தன் கையையும் காலையும் நம்பாமல் மச்சானின் வாயை நம்பினான். ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் போனான். "அந்தக் காரையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு அவன் முதல் அணியில் ஓடினான். ஒரே காரை இரண்டு பேர் ஓட்டினால், ஒருவர் முதல் அணியிலும் மற்றவர் இரண்டாம் அணியிலும் ஓட வேண்டும். ஓடாத அணி பாதையோரம் நின்று, விழுந்த கோன்களை எடுத்து வைக்க வேண்டும். அதுதான் கிளப் வழக்கம். அவனுடைய கடைசி ஓட்டம் நன்றாக அமைந்தது. எப்படி அமைந்தது என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. ரொம்பக் களைத்திருந்ததால் எதையும் முயற்சி செய்யவில்லை என்பதுதான் உண்மை. நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்தான். வளைவில் காத்திருந்தான். கண்ணை முன்னால் அனுப்பிவிட்டு, கையை அதன் பின்னால் போகவிட்டான். நீண்ட இடது வளைவில் கார் வரைந்து வைத்த கோட்டின் மேல் போவதுபோல் போனது. ஒரு கோனும் விழவில்லை. ஒலிபெருக்கியில் பல் டாக்டர் நேரத்தை இரண்டு தடவை வாசித்தார். இந்தப் போட்டிப் பருவத்தில் மச்சான் எடுத்த எந்த நேரத்தையும்விட அது குறைவு. மச்சானை ஒரு நாள் முந்த வேண்டும் என்று அவன் எத்தனையோ தடவை ஆசைப்பட்டிருக்கிறான். முந்திய பிறகு, காரை நிறுத்திவிட்டு இறங்கியபோது, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு எங்கேயாவது படுத்தால் போதும் என்றுதான் தோன்றியது. மச்சான் வந்து முதுகில் ஒரு தட்டு தட்டி, "ஆளைத் தூக்கிட்டியே மாப்ளே!" என்றார். சிரிப்பு கண் வரைக்கும் வரவில்லை. அவர் டயர்களின் ஓரத்தில் அவன் சாக்பீஸால் போட்டிருந்த கோடுகளைக் குனிந்து பார்த்தார். டயர் வளைவில் எவ்வளவு மடங்குகிறது என்பதை அழிந்த கோடு காட்டிவிடும். இரண்டு முன் டயர்களிலும் கோடு எங்கே அழிய வேண்டுமோ அங்கே அழிந்திருந்தது. காரில் எந்தக் குறையும் இல்லாவிட்டால் அது அப்படித்தான் இருக்கும்.

இரண்டாம் அணி ஓடியபோது அவனை அந்த நீண்ட இடது வளைவில் நிற்கச் சொன்னார்கள். கையில் சிவப்புக் கொடி. கூட எலெக்ட்ரீஷியன் ஒருவர். இதற்கு முன் மச்சான் ஓடிய நாட்களில் எல்லாம் அவனுக்குத் தொடக்கக் கோட்டிலோ தூரத்து மூலையிலோதான் வேலை வாய்த்தது. மச்சான் கோன் தட்டினார் என்ற செய்திதான் அவனுக்கு வரும், எந்தக் கோன் என்று யாரும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. முதல் ஓட்டத்தில் மச்சான் ஒரு கோனைத் தட்டினார். அவன் ஓடிப் போய் எடுத்து வைத்தான். இரண்டாவது ஓட்டத்தில் இரண்டு கோன்கள். எடுத்து வைக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். விழுந்தவை எல்லாம் வளைவின் உள்பக்கத்துக் கோன்கள். திரும்ப மாட்டேன் என்கிற கார் வெளிப்பக்கம்தானே விலகிப் போகும்? வெளிப்பக்கத்துக் கோனைத்தானே தட்ட வேண்டும்? உள்பக்கத்துக் கோனைத் தட்டுகிற கார், தேவைக்கு மேலேயே திரும்புகிற கார் ஆயிற்றே.

"நூல் அண்ணனுக்கு என்னாச்சு? அது அங்க இருக்குறதே தெரியாத மாதிரி ஏத்திட்டுப் போறாரே" என்றார் எலெக்ட்ரீஷியன். விளையாட்டாகத்தான் சொன்னார். அவன் 'தெரியாத மாதிரி' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டான்.

போன மாதம் பஸ்ஸின் இடது பக்கக் கண்ணாடி உடைந்தது. ஷெட்டில் எவனோ லாரிக்காரன் உரசிவிட்டான் என்றார் மச்சான். அதற்கு முன்னாலும் ஒரு தடவை உடைந்தது. அதுவும் இடது பக்கம்தான். வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்று, தட்டின் இடது ஓரத்தில் வைத்த காயை அவர் தொடவே இல்லை. "என் கை பக்குவம் அண்ணனுக்குப் பிடிக்காமப் போச்சு" என்று மனைவி கோபித்துக்கொண்டாள். "எங்க வச்சே?" என்று அவர் திகைத்துப் பார்த்ததை நடிப்பு என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். அதற்கெல்லாம் முன்னால், தலைவலி என்று இரண்டு நாள் படுத்திருந்தார். மாத்திரை போட்டுக்கொண்டு மூன்றாம் நாள் பஸ்ஸை எடுத்தார். அந்த பஸ்ஸில்தான் அவன் மனைவி தினமும் வேலைக்குப் போகிறாள். பேக்கிங் பிரிவு. அண்ணனுடைய வண்டி என்ற உரிமையில், டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

மூன்றாவது ஓட்டத்தில் அது நடந்தது. மச்சானுக்கு முன்னால் ஓடிய கார் வளைவின் முடிவில் நாலைந்து கோன்களை வாரிக்கொண்டு போய்விட்டது. அவற்றை எடுக்க எலெக்ட்ரீஷியன் பாதைக்குள் ஓடினார். அதற்குள் மச்சானின் கார் கிளம்பிவிட்டது. அவன் பாதையின் இடது ஓரத்தில் நின்று சிவப்புக் கொடியை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் வீசினான். கொடியைக் கண்டதும் நின்றுவிட வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. கார் நிற்கவில்லை. வேகமும் குறையவில்லை. கண்ணாடி வழியாக மச்சானின் முகம் தெரிந்தது. உதட்டை லேசாகக் குவித்துக்கொண்டு, நிதானமாக, போக வேண்டிய இடத்தைப் பார்த்தபடி இருந்தது முகம். அவன் பின்னால் துள்ளி விழுந்தான். காரின் பக்கவாட்டுக் கண்ணாடி கொடித்துணியைத் தட்டிவிட்டுப் போனது. வலது பக்கமாகக் கோன்களோடு ஓடிய எலெக்ட்ரீஷியனைக் கண்டதும்தான் டயர்கள் கத்த, கார் நின்றது.

மச்சான் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தார். "ஆள் உள்ள இருந்தா கொடி காட்ட மாட்டியா மாப்ளே? என்னத்தப் பாத்துக்கிட்டிருந்தே?" அவர் உண்மையாகவே கோபப்பட்டார். பல் டாக்டர் ஒலிபெருக்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தார். கொடியை மதிக்காமல் ஓட்டினால் அன்றைக்கு மட்டுமல்ல, அந்தப் பருவம் முழுக்க ஓட விட மாட்டார்கள். "கொடி காட்டினீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்று அவனிடம் கேட்டார்.

உள்ளங்கை தோல் உரிந்து எரிந்தது. அவன் மச்சானைப் பார்த்தான். "நான்தான் லேட்டாக் காட்டினேன்" என்றான்.

எலெக்ட்ரீஷியன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கோன்களை அடுக்கப் போனார். "அப்ப தப்பு நம்ம பக்கம்தான்" என்றார் டாக்டர். "நூலுக்கு இன்னொரு ரன் குடுத்துடலாம்." இதை அவன் யோசிக்கவில்லை. கொடியில் தவறு என்றால் ஓட்டுநருக்கு மறு ஓட்டம் கொடுப்பது முறைதான். "வேண்டாம் டாக்டர்" என்றான் அவசரமாக. "இன்ஜின் சூடாகிடுச்சு. இதுக்கு மேல ஓட்டினா தாங்காது." ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். மச்சான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மாலையில் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கோன்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வேனில் ஏற்றினார்கள். டாக்டர் கேட்டைக் காட்டி, "கடைசியாப் போறவங்க சங்கிலியை மாட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு பெரிய தரையில் இவர்களுடைய கார் மட்டும் நின்றது. அவன் கதவில் ஒட்டிய நம்பரை உரித்துக்கொண்டிருந்தபோது மனைவி போன் செய்தாள். "என்னங்க, நாளைக்கு பஸ் கால்மணி முன்னாடியே கிளம்பணுமாம். சூப்பர்வைசர் சொல்லியிருக்கார். அண்ணன்கிட்ட மறக்காமச் சொல்லிடுங்க. அப்புறம் பஸ் லேட்டாச்சுன்னு வைங்க, நான் உங்களைத்தான் கேப்பேன்" என்றாள். "சொல்றேன்" என்றான். "அண்ணன் எப்படி ஓட்டினாங்க?" "நல்லா ஓட்டினார்." போனை வைத்த பிறகும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

மச்சான் சக்கரத்தின் நட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். "இன்ஜின் சூட்டு முள்ளு பாதிகூட ஏறல" என்றார், தலை நிமிராமல். "எதுக்கு அப்படிச் சொன்னே?"

"கொடியை நேரத்தோடதான் காட்டினேன் மச்சான்."

ஸ்பேனர் நின்றது.

"கார்ல ஒண்ணும் இல்ல. இத்தனை நாளும் ஒண்ணும் இருந்திருக்காது. விழுந்த கோனெல்லாம் உள்பக்கத்துக் கோன். நான் உங்களுக்கு எதிர்ல, இடது ஓரமாத்தான் நின்னேன். ரெண்டு கையாலயும் கொடியை ஆட்டினேன். நீங்க பாக்கல."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார் மச்சான். "லைசன்ஸ் புதுப்பிக்கும்போது டெஸ்ட் பண்ணினாங்க. கடைசி வரி வரைக்கும் படிச்சேன்."

"நேர்ல இருந்ததைப் படிச்சீங்க. பக்கத்துல இருக்கிறது தெரியுதான்னு யாராவது கேட்டாங்களா?"

மச்சான் எழுந்தார். முகம் கறுத்துவிட்டது. "ஒரே ஒரு நாள் என்னை ஜெயிச்சே. அதுக்குள்ள டாக்டர் ஆயிட்டியா?" ஸ்பேனரைப் பெட்டிக்குள் வீசினார். அது பெட்டியின் இடது விளிம்பில் பட்டுத் தெறித்துத் தரையில் விழுந்தது. அவர் அதைத் தேடினார். தலையை முழுக்க இடது பக்கம் திருப்பிய பிறகுதான் அது அவருக்குக் கிடைத்தது. அவன் தேடித் தரவில்லை. தந்திருக்கலாம். அவருக்காக அழ வேண்டும் போலவும் இருந்தது, அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்குமே உடம்பில் வலு இல்லை.

மச்சான் ஸ்பேனரைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். பிறகு காரின் பானட்டில் சாய்ந்துகொண்டு, யாருக்கோ சொல்வதைப் போலச் சொன்னார். "தலைவலின்னு படுத்தேன்ல, அதுக்கப்புறம்தான். ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சுது. வண்டியா, நானான்னு தெரியல. பஸ்ல வச்சு அதைச் சோதிச்சுப் பாக்க முடியுமா? அங்க தட்டினா போச்சு. இங்க தட்டினா ரெண்டு செகண்டு. அதான் ஒவ்வொரு வாரமும் இங்க வந்து உன் உயிரை வாங்கினேன். நீ எதையாவது திருகுவே, ஒரு நாள் சரியாயிடும், கார்தான்னு ஆயிடும், நிம்மதியா இருக்கலாம்னு நெனச்சேன்."

இத்தனை மாதமும் அவன் காருக்கு அடியில் கிடந்தது இதற்குத்தானா என்று கேட்க வாய் வந்தது. "நாளைக்கு பஸ்ஸை எடுக்காதீங்க மச்சான்" என்று மட்டும் சொன்னான்.

"எடுக்காம? வேற என்ன தெரியும் எனக்கு?"

"அவ உங்களுக்குப் பின்னாடி சீட்லதான் உக்காந்து வர்றா."

மச்சான் இரண்டு கையாலும் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். அவருடைய தங்கச்சியை அவர்தான் தூக்கி வளர்த்தார் என்பார்கள். கல்யாணத்தன்று மேடைக்குப் பின்னால் போய் அவர் அழுததை அவனே பார்த்திருக்கிறான். இப்போது அழவில்லை. "சரி" என்றார். "நீங்க லேப்ல பாக்குற மாதிரியே பாத்துடுங்க மாப்ளே. நான் இங்க நின்னு கேட்டை மட்டும் பாக்குறேன். தலையைத் திருப்ப மாட்டேன், கண்ணையும் திருப்ப மாட்டேன். நீங்க காருக்குப் பின்னாலேர்ந்து எனக்கு இடது பக்கமா நடந்து வாங்க. நீங்க தெரிஞ்ச உடனே நிறுத்தச் சொல்றேன். பக்கவாட்டுல வரும்போதே நான் சொல்லிட்டேன்னா, நாளைக்கு நான்தான் பஸ் எடுப்பேன், நீங்க அதுக்கு மேல இதைப் பத்திப் பேசக் கூடாது. சொல்லலைன்னா..." அவர் முடிக்கவில்லை. "சொல்லலைன்னா, நீங்க சொல்ற டாக்டர்கிட்ட வர்றேன்."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் வாயில் "நீங்க" வந்தது அவனுக்கு உறைத்தது. வாங்க போங்க என்று தள்ளி நின்ற அந்த முதல் நாட்களுக்கே அவர் திரும்பிப் போய்விட்டதுபோல் இருந்தது. "சரி மச்சான்" என்றான்.

காரின் பின்புறம் போய் நின்றபோது, தரையெல்லாம் பொடிக்கல் கிடப்பதைக் கவனித்தான். ஷூவோடு நடந்தால் சரசரவென்று கேட்கும். டிரைவர்களுக்குக் காது கூர்மை. கொஞ்சம் காலை இழுத்து நடந்தால் போதும், மச்சான் சரியான இடத்தில் "தெரியுது" என்று சொல்லிவிடுவார், நாளைக் காலை எல்லாம் வழக்கம்போல் நடக்கும், மனைவி திட்ட மாட்டாள், யாரும் யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதில்லை. அந்த எண்ணம் எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது. குனிந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றினான். நாள் முழுக்கக் காய்ந்த தார்த்தரை உள்ளங்காலைச் சுட்டது.

அவன் நடந்தான். பின் சக்கரத்தைத் தாண்டினான். பின் கதவைத் தாண்டினான். ஒவ்வொரு அடியையும் கல்லில்லாத இடம் பார்த்து வைத்தான். முன் கதவுக்கு வந்தபோது மச்சானின் கன்னமும் காதோர நரையும் தெரிந்தன. இங்கேயே சொல்லிவிட மாட்டாரா என்று ஒரு கணம் நின்றான். மச்சான் சொல்லவில்லை. மனசுக்குள் "சொல்லுங்க, சொல்லுங்க" என்று கெஞ்சிக்கொண்டே முன் சக்கரத்தைத் தாண்டினான். காரை விட்டு விலகி, ஒரு அரைவட்டமாக, அவருக்கு நேர் இடது பக்கம் வந்தான். கையை நீட்டினால் தோளைத் தொட்டுவிடலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட இந்த இடத்தில் நிற்கிறவனைப் பார்த்துவிடும். இன்னும் நாலு அடி முன்னால் போனான். இப்போது அவருடைய முழு முகமும் தெரிந்தது. இமைக்காமல் வைத்திருந்ததால் கண்ணில் லேசாக நீர் கோத்திருந்தது. வாக்குக் கொடுத்தபடி அந்தக் கண்கள் கேட்டை விட்டு அசையவே இல்லை. அவன் கையை உயர்த்தி மெதுவாக ஆட்டினான். அந்த முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

சாலையில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மச்சான் பானட்டில் சாய்ந்திருந்த கைகளை எடுத்து, பேண்ட்டில் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்றார். அவன் விட்டுவிட்டு வந்த காரின் பின்புறத்துக்குக் கேட்கும்படி குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"ம், நடக்க ஆரம்பிங்க மாப்ளே. நான் ரெடி."